கான்டனீஸில் "ரெண்டும் ஒண்ணுதான்" சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஹாங்காங் சந்தையிலோ, கான்டனீஸ் என்னும் சீன மொழி புழங்கும் கோலாலம்பூர், ஈப்போ கடைத்தெருவிலோ இரண்டு வகைப் பழம் பக்கத்துப் பக்கத்துக் குவியலில் கிடக்கும். ஒன்று விலை கூட, இன்னொன்று குறைவு. "ருசியில ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதானே?" என்று கேட்கத் தெரிந்துவிட்டால் பேரத்தில் பாதி முடிந்தது. பாடப்புத்தகங்கள் இதற்கு ஒன்றிரண்டு சொற்களைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். பேச்சுவழக்கில் இருப்பவையோ இருபதுக்கும் மேல்.

அவை ஒன்றுக்கொன்று மாற்றாக வராது. இரண்டும் நன்றாக இருப்பதால் சமமா, இரண்டும் மட்டமாக இருப்பதால் சமமா, பெரிய வித்தியாசம் இல்லாததால் சமமா என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆகவே வாய் திறக்கும் முன் உங்கள் தீர்ப்பு என்ன என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பாராட்ட நினைத்துத் திட்டிவிடுவீர்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்தத் தீர்ப்பைச் சரியான சொல்லில் ஏற்றுவதைப் பற்றியதுதான்.

முதலில் ஒலி: இதைத் தாண்டாமல் எதுவும் பலிக்காது

கீழே வரும் கான்டனீஸ் சொற்களைத் தமிழ் எழுத்தில் அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்குப் பின்னும் தொனி எண்ணைப் போட்டிருக்கிறோம். தொனி என்பது அசையைச் சொல்லும் குரல் உயரம்; அது மாறினால் பொருளே மாறிவிடும். இவை ஹாங்காங் மொழியியல் சங்கம் 1993-ல் வகுத்த யூத்பிங் முறையின் (கான்டனீஸை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) எண்கள். இணைய அகராதிகளிலும் பெரும்பாலும் இதே எண்களைப் பார்க்கலாம்.

தொனி 1 உயரத்தில் நேராக நிற்கும். 2 கீழிருந்து உயரத்துக்கு ஏறும். 3 நடுவில் நேராக நிற்கும். 4 தாழ்ந்து இன்னும் கீழே இறங்கும். 5 தாழ்விலிருந்து நடுவரை மட்டும் ஏறும். 6 தாழ்வில் நேராக நிற்கும், 3-ஐ விட ஒரு படி கீழே. தமிழ்க் காதுக்கு மிகவும் சிரமம் 3-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடு. தனி அசையில் அதைப் பிடிக்க முடியாது. பக்கத்தில் ஒரு 1-ஐ வைத்துச் சொல்லிப் பழகினால்தான் இரண்டின் உயரமும் தெளியும்.

மெய்யொலிகளில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. "பல்", "தலை", "கல்" என்று சொல்லின் முதலில் மூச்சு விடாமல் சொல்லும் ப, த, க அப்படியே கான்டனீஸில் இருக்கின்றன. மூச்சோடு வரும் இணை ஒலிகளை ப்ஹ, த்ஹ, க்ஹ, ச்ஹ என்று எழுதியிருக்கிறோம். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துச் சொன்னால் காற்று படவேண்டும். ஸ என்பது ஸ-தான். ச என்று இருந்தால் "பச்சை" என்பதில் வரும் ச.

தவறும் தமிழ்ப் பழக்கத்திலிருந்தே வரும். "அகம்", "தம்பி" என்னும்போது நடுவில் வரும் க, ப நமக்குத் தானாக மெலிந்துவிடும். கான்டனீஸில் எந்த அசையும் மெலியாது. ஒவ்வோர் அசையையும் சொல்லின் முதலெழுத்துப் போலவே தொடங்குங்கள். அடுத்து, த், க், ப் என்று முடியும் அசைகள். யத்1 என்பதை "யத்து" என்று சொல்ல நாக்கு துடிக்கும். நாக்கை அண்ணத்தில் ஒட்டி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த "உ" வந்தாலே ஓர் அசை கூடி, கேட்பவர் குழம்புவார்.

யோங், லியோங், ஸியோங் என்று எழுதியவற்றில் "யோ" உண்மையில் ஒரே உயிர். "எ" சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் அது வரும். யூன், யூ, ஸ்யூ என்பவற்றில் "ஈ" சொல்லியபடி உதட்டைக் குவிக்க வேண்டும். சொல்லின் முதலில் வரும் ந-வை ஹாங்காங்கில் பலர் ல-வாகவே சொல்வார்கள். நெய்5 (நீ, நீங்கள்) என்பது லெய்5 என்று காதில் விழும். வேறு சொல் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒலிப் பகுதியில் மனதில் பதிக்க வேண்டிய ஓர் இணை உண்டு. ச்ஹா1 என்றால் வேறுபாடு, குறைபாடு, மட்டம். ச்ஹா4 என்றால் தேநீர். ஹொவ்2 என்பது "நல்ல" என்றும் "மிகவும்" என்றும் பொருள் தரும். எனவே ஹொவ்2 ச்ஹா4 "நல்ல தேநீர்", ஹொவ்2 ச்ஹா1 "படு மோசம்". தேநீரைப் பாராட்டும்போது கடைசி அசை கீழே இறங்கியே தீரவேண்டும். பேச்சு முழுக்க வரப்போகிற முக்கியச் சொல்லும் இந்த ச்ஹா1-இல்தான் தொடங்குகிறது.

படி 1: எதை ஒப்பிடுகிறீர்கள் என்று சுட்டுங்கள்

நீ1 "இந்த", கோ2 "அந்த". இவற்றுக்குப் பின்னால் பொருளுக்கேற்ற அளவைச் சொல் வரவேண்டும். கைப்பேசி, இயந்திரம் என்றால் பொவ்6. கடை என்றால் கான்1. சட்டை என்றால் கின்6. செருப்பு, காலணி ஜோடிக்கு தொய்3. பொதுவாக எதற்கும் கோ3.

வகையையோ பிராண்டையோ ஒப்பிடும்போது செக்3 என்பதே வாடிக்கையான சொல். நீ1 கோ3 ச்ஹாங்2 என்றால் கையில் இருக்கும் இந்த ஓர் ஆரஞ்சு. நீ1 செக்3 ச்ஹாங்2 என்றால் இந்த வகை ஆரஞ்சு. தரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வகையைப் பற்றியது என்பதால் செக்3-ஐ நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். அரிசி, பற்பசை, சோயா சாறு எல்லாவற்றுக்கும் இது ஓடும்.

"இரண்டும்" என்பதற்கு லியோங்5 செக்3 தொவ்1. இந்த தொவ்1 நம்முடைய "-உம்" செய்யும் வேலையைச் செய்கிறது. அதை விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும். லியோங்5 ஐந்தாம் தொனி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே அசை இரண்டாம் தொனியில் வேறு பொருளோடு பின்னால் வரும்.

படி 2: அடிப்படைச் சட்டகம்

முழுச் சமம் என்றால் யத்1 யோங்6.

நீ1 செக்3 த்ஹுங்4 கோ2 செக்3 யத்1 யோங்6.
இதுவும் அதுவும் ஒன்றுதான்.

எந்தக் குணத்தில் சமம் என்று சொல்ல, பின்னால் கம்3 சேர்த்துப் பண்புச் சொல்லைப் போடுங்கள்.

நீ1 செக்3 த்ஹுங்4 கோ2 செக்3 யத்1 யோங்6 கம்3 த்ஹிம்4.
இதுவும் அதுவும் ஒரே அளவு இனிப்பு.

த்ஹிம்4 (இனிப்பு) இருந்த இடத்தில் ப்ஹெங்4 (மலிவு), க்வய்3 (விலை அதிகம்), ஹொவ்2 (நல்லது), லெங்3 (அழகு, தரம்) என்று எதையும் வைக்கலாம். தமிழின் சொல்லடுக்கோடு இந்தச் சட்டகம் ஒத்துப்போவதால் சிரமம் இருக்காது.

கம்3 என்பதில் ஒரு வலை இருக்கிறது. மூன்றாம் தொனியில் "இவ்வளவு, அவ்வளவு". இரண்டாம் தொனியில் கம்2 என்றால் "இப்படி, அப்படி, அப்படியானால்". பண்புச் சொல்லுக்கு முன்னால் எப்போதும் கம்3. செயலின் விதத்தைச் சொல்லும்போது கம்2. ஹொவ்2 ச்ஹீ5 க்ஹொய்5 கம்3 கொவ்1 என்றால் அவரைப் போல அவ்வளவு உயரம். ஹொவ்2 ச்ஹீ5 க்ஹொய்5 கம்2 கோங்2 என்றால் அவரைப் போலவே பேசுவது. உள்ளூர்க்காரர்கள் எழுதும்போது இரண்டையும் ஒரே எழுத்தில் கலந்து எழுதுவது உண்டு. பேச்சில் கலக்கவே மாட்டார்கள்.

படி 3: ச்ஹா1 ம்4 தோ1

இந்த ஒரு சொல்லைச் சரியாகக் கையாண்டால் போதும், அன்றாடத் தேவையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வேறுபாடு அதிகமில்லை, அதாவது ஏறக்குறைய ஒன்று. நடுவில் வரும் ம்4 ஓர் உயிரும் இல்லாத தனி அசை. உதட்டை மூடியபடி தாழ்ந்த தொனியில் முனகினால் போதும். "மு" என்றோ "உம்" என்றோ ஆக்க வேண்டாம்.

இது மூன்று இடங்களில் வரும். வாக்கியத்தின் முடிவில் வந்தால் பொதுவான ஒப்பீடு:

லியோங்5 செக்3 தொவ்1 ச்ஹா1 ம்4 தோ1.
ரெண்டு வகையும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

கம்3 சேர்ந்தால் குறிப்பிட்ட குணம்:

லியோங்5 செக்3 தொவ்1 ச்ஹா1 ம்4 தோ1 கம்3 த்ஹிம்4.
ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே இனிப்பு.

எண்ணுக்கோ நேரத்துக்கோ முன்னால் வந்தால் ஒப்பீடே இல்லை, "கிட்டத்தட்ட": ச்ஹா1 ம்4 தோ1 ஸாம்1 திம்2 என்றால் மணி மூன்றாகப் போகிறது.

தரத்தைப் பொறுத்தவரை இது நடுநிலைச் சொல். புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கடைசியில் வரும் இடைச்சொல் தீர்மானிக்கும். அது படி 6-இல்.

ச்ஹா1 குடும்பத்தில் இன்னும் சில சொற்களையும் சேர்த்துப் பழகுங்கள். ச்ஹா1 ஸியு2 ஸியு2 என்றால் கொஞ்சம் மட்டு. ச்ஹா1 கிக்6 யவ்5 ஹான்6 என்றால் "மட்டமாக இருந்தாலும் ரொம்ப இருக்காது". விலை குறைந்ததை வாங்கத் தயங்குபவருக்குத் தைரியம் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை. ச்ஹா1 தக்1 யூன்5 என்றால் பக்கத்தில்கூட வராது. ச்ஹா1 த்ஹின்1 குங்6 தெய்6 மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவர்கள் வானத்தையும் பூமியையும் சொல்கிறார்கள்.

ச்ஹா1 தீ1 மட்டும் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது. முடிவில் வந்தால் "கொஞ்சம் மட்டம்". வினைக்கு முன்னால் வந்தால் "நூலிழையில் தப்பியது", அதாவது ஏதோ நடக்கவிருந்து நடக்கவில்லை. நீ1 செக்3 ச்ஹா1 தீ1 என்று கடைக்காரர் சொன்னால் அந்த வகை சற்றுத் தரம் குறைவு என்று நேர்மையாகச் சொல்கிறார் என்று அர்த்தம்.

படி 4: அளவுகோலை எட்டுகிறதா என்று கேட்பது

"இது அந்தளவுக்கு நல்லா இருக்குமா?" என்று கேட்க யத்1 யோங்6 பொருந்தாது. அங்கே யவ்5 மொவ்5 (உண்டா இல்லையா) வரும்.

நீ1 செக்3 யவ்5 மொவ்5 கோ2 செக்3 கம்3 த்ஹிம்4 ஆ3?
இது அந்தளவு இனிக்குமா?

இதில் "அது" அளவுகோல், "இது" சோதிக்கப்படும் பொருள். இடம் மாற்றினால் கேள்வி தலைகீழாகிவிடும். இல்லை என்று பதில் சொல்ல இரண்டு வழி:

மொவ்5 கோ2 செக்3 கம்3 த்ஹிம்4.
ம்4 கவ்3 கோ2 செக்3 த்ஹிம்4.

இரண்டுமே "அந்தளவு இனிப்பு இல்லை" என்றுதான் பொருள்படும். முதலாவதில் கம்3 கட்டாயம். இரண்டாவதில் கவ்3 (போதும்) ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துவிடுவதால் கம்3 சேர்க்க வேண்டாம். பழகாதவர்கள் இரண்டையும் கலந்து பேசுவது அடிக்கடி காதில் விழும்.

படி 5: ஒன்று சற்று மேல் என்றால்

கான்டனீஸின் ஒப்பீட்டுச் சொல் க்வோ3. அது பண்புச் சொல்லுக்குப் பின்னால் வரும்.

நீ1 செக்3 ப்ஹெங்4 க்வோ3 கோ2 செக்3 ஸியு2 ஸியு2.
அதைவிட இது கொஞ்சம் மலிவு.

தமிழர்கள் இங்கே நிச்சயம் ஒருமுறையாவது தடுமாறுவார்கள். "அதைவிட இது" என்று நாம் அளவுகோலை முதலில் சொல்வோம். கான்டனீஸில் வெல்லும் பொருள் முதலில், அளவுகோல் க்வோ3-க்குப் பின்னால். தமிழ் வரிசையிலேயே கோ2 செக்3 என்று தொடங்கிவிட்டால் மலிவானது எது என்பது மாறிவிடும். விலை பேசும்போது இது சின்னப் பிழை இல்லை. அதே வாக்கியத்தில் பண்புச் சொல்லுக்கு முன் ஹொவ்2 (மிகவும்) சேர்ப்பதும் தவறு. "ரொம்ப" என்று சொல்லவேண்டுமானால் கடைசியில் ஹொவ்2 தோ1 போடுங்கள்.

அளவுகோலைச் சொல்லாமலே பேச தீ1 போதும்: பீன்1 செக்3 ஹொவ்2 தீ1? எது கொஞ்சம் நல்லது? மாண்டரின் படித்துவிட்டு வருபவர்கள் பெய்2 வைத்து ஒப்பிடுவார்கள். புரியும், ஆனால் செய்தி வாசிப்பது போல ஒலிக்கும்.

படி 6: கடைசி அசையில் தீர்ப்பு

ச்ஹா1 ம்4 தோ1 என்று வெறுமனே நிறுத்தினால் முகத்தில் அறைந்தது போல இருக்கும். இடைச்சொல் சேர்த்தால்தான் பேச்சாகும்.

ச்ஹா1 ம்4 தோ1 லா1: "கிட்டத்தட்ட ஒண்ணுதான், விடுங்க." சமாதானம் செய்யும் குரல்.
ச்ஹா1 ம்4 தோ1 சே1: "ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லையே." உயர்ந்ததாகச் சொல்லப்படுவதைச் சற்று மட்டம் தட்டும். பேரம் பேச உகந்தது.
ச்ஹா1 ம்4 தோ1 வோ3: "அட, ஒண்ணாத்தானே இருக்கு!" ருசித்துப் பார்த்த பிறகு சொல்வது.
ச்ஹா1 ம்4 தோ1 லோ1: "ஒண்ணுதான், இதிலென்ன கேள்வி?" முன்பின் தெரியாதவரிடம் சலிப்பாக ஒலிக்கலாம்.
ச்ஹா1 ம்4 தோ1 கா3: "ஒண்ணுதாங்க, நம்புங்க." கடைக்காரர் உறுதி தரும் குரல்.

லா1-ஐ லா3 என்று சொல்லிவிட்டால் பொருள் தாவிவிடும். ச்ஹா1 ம்4 தோ1 லா3 என்பது "முடியப்போகுது, நேரமாகிவிட்டது". சமையல் வெந்துவிட்டதா என்று கேட்டால் வரும் பதில் இது. இடைச்சொற்களின் தொனி அவற்றின் உடம்போடு பிறந்தது. தமிழில் கேள்விக்குக் குரலை உயர்த்துவது போல இங்கே உயர்த்தி இறக்க முடியாது.

சந்தையில் இவை எப்படிக் கோத்து வருகின்றன என்று பாருங்கள். கடைக்காரரை லொவ்5 பான்2 (முதலாளி) என்று அழைப்பது வழக்கம். அவர் பெண் வாடிக்கையாளரை லெங்3 நொய்5 என்றும், இளைஞரை லெங்3 சய்2 என்றும் கூப்பிடுவார். "அழகி", "அழகன்" என்று நேர்ப்பொருள் பார்த்துக் கூச வேண்டாம். "வாங்கம்மா, வாங்க தம்பி" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

வாங்குபவர்: லொவ்5 பான்2, நீ1 லியோங்5 செக்3 ச்ஹாங்2 பீன்1 செக்3 த்ஹிம்4 தீ1 ஆ3?
(முதலாளி, இந்த ரெண்டு ஆரஞ்சுல எது இனிப்பு?)

கடைக்காரர்: ச்ஹா1 ம்4 தோ1 கம்3 த்ஹிம்4 கா3, நீ1 செக்3 தோ1 சப்1 தீ1.
(ரெண்டும் ஒரே இனிப்புதாங்க, இதுல சாறு கொஞ்சம் கூட.)

வாங்குபவர்: கம்2 திம்2 காய்2 க்வய்3 கம்3 தோ1 ஆ3?
(அப்படின்னா ஏன் விலை இவ்வளவு கூட?)

கடைக்காரர்: யத்1 ஃபன்1 ச்ஹின்4 யத்1 ஃபன்1 ஃபோ3 மா3.
(காசுக்கேத்த சரக்குங்க.)

வாங்குபவர்: ச்ஹா1 ம்4 தோ1 சே1. யியு3 ப்ஹெங்4 கோ2 செக்3 லா1.
(பெரிய வித்தியாசம் இல்லையே. மலிவா இருக்கிறதையே கொடுங்க.)

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். கம்2 தொடக்கத்தில் "அப்படியானால்", கம்3 நடுவில் "இவ்வளவு". இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. இந்த வரியைத் தடங்கலின்றிச் சொல்ல முடிந்தால் படி 2-இன் வலையைத் தாண்டிவிட்டீர்கள்.

படி 7: இரண்டும் நன்றாக இருப்பதால் சமம்

பாராட்டும் சொற்களில் முதலில் கற்கவேண்டியது கோக்3 யவ்5 கோக்3 ஹொவ்2. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்லது உண்டு. இரண்டு பேர் சமைத்ததை வைத்துக்கொண்டு எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் இதைச் சொல்லித் தப்பிக்கலாம். யார் மனமும் நோகாது.

மலிவான பொருளை உயர்த்திச் சொல்ல ம்4 ஸ்யூ1 ஸித்6, "எதிலும் தோற்காது". பிராண்ட் இல்லாத பொருள் பிராண்டுக்கு ஈடாக இருக்கிறது என்று சொல்லும் இடத்தில் இது கனகச்சிதம். இளையவர்கள் யவ்5 தக்1 ஃபய்1 என்பார்கள், "மோதிப் பார்க்கலாம்". அதற்கு எதிராக மொவ்5 தக்1 பெய்2 என்றால் ஒப்பிடவே முடியாது.

போட்டியில் சரிசமமாக ஓடுபவர்களுக்கு திங்1 தோங்1 மா5 த்ஹவ்4. மா5 த்ஹவ்4 குதிரைத் தலை. 1846 முதல் ஹேப்பி வேலியில் குதிரை ஓட்டி, 1978-ல் ஷா டின்னில் இரண்டாவது மைதானமும் கட்டிக்கொண்ட ஊர் ஹாங்காங். அங்கே பந்தயப் பேச்சு தெருவுக்கு வந்ததில் வியப்பில்லை. இரண்டு அணிகள், இரண்டு வேட்பாளர்கள், எதிரெதிரே நிற்கும் இரண்டு உணவகங்கள் என்று போட்டி இருக்கும் இடத்தில்தான் இது வரும். இரண்டு ஆரஞ்சுக்கு வராது.

எழுத்திலும் வர்ணனையிலும் பத்1 ஸியோங்1 பாக்3 சுங்6, க்ஹெய்4 கூ2 ஸியோங்1 தோங்1 என்பவற்றைக் காண்பீர்கள். முன்னதில் அண்ணனும் தம்பியும், பின்னதில் கொடியும் முரசும். கேட்டால் புரிந்தால் போதும். காய்கறிக் கடையில் சொன்னால் மேடைப்பேச்சாகிவிடும்.

படி 8: இரண்டும் மட்டமாக இருப்பதால் சமம்

கான்டனீஸ் சுவை இங்கேதான் அதிகம், ஆபத்தும் இங்கேதான். இந்தப் பகுதிச் சொற்களை முதலில் புரிந்துகொள்ளப் பழகுங்கள். சொல்வதை நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிகவும் புழங்குவது புன்3 கன்1 பாத்3 லியோங்2, "அரை கன், எட்டு லியோங்". ஹாங்காங் எடையில் ஒரு கன் 604.79 கிராம், அதற்கு 16 லியோங். அரை கன் என்றாலும் எட்டு லியோங் என்றாலும் ஏறத்தாழ அதே 302 கிராம்தான். சீனாவில் 1959-ல் ஒரு கன்னுக்குப் பத்து லியோங் என்று மாற்றிவிட்டதால் அங்கே கணக்கு இப்போது உதைக்கும். ஹாங்காங் ஈரச்சந்தையிலும் (காய்கறி, மீன், இறைச்சி விற்கும் சந்தை) மருந்துக் கடையிலும் 16 கணக்கு இன்றும் உயிரோடு இருப்பதால் தொடரின் நியாயம் அங்கே கண்ணெதிரே தெரிகிறது. எடைப் பெயராக வரும்போது லியோங்2 இரண்டாம் தொனி. எண் இரண்டு லியோங்5. இதை மாற்றிச் சொன்னால் "எட்டு, இரண்டு" என்று உளறியது போலாகும்.

பொருளில் இது சமம் என்பதோடு நிற்காது. "நீயும் லேசுப்பட்டவன் இல்லை, அவனும் லேசுப்பட்டவன் இல்லை" என்ற கிண்டல் ஒட்டிக்கொண்டே வரும். சண்டை போடும் இரண்டு பேரை, தாமதமாக வரும் இரண்டு நண்பர்களை இப்படிச் சொல்லலாம். மேலாளரையும் அவருடைய துணைவரையும் புகழ நினைத்து இதைச் சொன்னால் அறை அமைதியாகிவிடும்.

த்ஹின்1 ஹா6 வூ1 ஆ1 யத்1 யோங்6 ஹக்1, உலகத்துக் காக்கை எல்லாம் ஒரே கறுப்பு. நம்முடைய "ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" இருக்கும் இடத்தில் அப்படியே உட்காரும். வீட்டுத் தரகர், அரசியல்வாதி, முதலாளி என்று ஓர் இனத்தையே சாடும்போது வரும். பொருள்களுக்கு வருவதில்லை.

ங்5 ஸப்6 பொவ்6 ஸியு3 பாக்3 பொவ்6, ஐம்பது அடி ஓடியவன் நூறு அடி ஓடியவனைப் பார்த்துச் சிரித்தானாம். போர்க்களத்தில் புறமுதுகிட்டவர்களைப் பற்றிப் பழஞ்சீன அறிஞர் மென்சியஸ், லியாங் நாட்டு மன்னர் ஹுய்யிடம் சொன்ன உவமை. ஊசியைப் பார்த்துச் சல்லடை ஓட்டை சொன்னதற்கு ஈடு. இங்கே இருவரும் அளவில் சமமில்லை, குற்றத்தில்தான் சமம். ஆகவே ஒருவர் மற்றவரைக் குறை சொல்லும்போது மட்டும் பொருந்தும். தொடக்கத்து ங்5 தனி மூக்கொலி. இன்று பலர் அதை ம்5 என்றே சொல்கிறார்கள்.

யத்1 ஹாய்5 பத்1 யூ4 யத்1 ஹாய்5, அடுத்தடுத்து வரும் நண்டு முந்தியதைவிட மோசம். வரிசையாகத் தரம் இறங்குவதைச் சொல்வது. ஒவ்வோர் ஆண்டும் சோடைபோகும் கைப்பேசி மாடல்களுக்கு நன்றாகப் பொருந்தும். யத்1 யோங்6 கம்3 ஸொய்1 என்றால் எந்த உவமையும் இல்லாமல் "ரெண்டும் ஒரே மோசம்".

படி 9: நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை

மா4 மா2 தெய்2 என்றால் சுமார். கான்டனீஸில் "சுமார்" என்பது பெரும்பாலும் "பிடிக்கவில்லை" என்பதன் நாகரிக வடிவம். சாப்பாட்டைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னால் அந்தக் கடைக்கு மறுபடி போக மாட்டார். க்வோ3 தக்1 ஹொய்3 அதைவிட ஒரு படி மேல், "பரவாயில்லை, ஏத்துக்கலாம்". கம்3 ஸியோங்6 ஹா2 என்றால் "அந்த அளவில்தான் இருக்கும்". விலை, வயது, தரம் மூன்றுக்கும் வரும். லியோங்5 செக்3 தொவ்1 ஹய்6 கம்3 ஸியோங்6 ஹா2 என்றால் "ரெண்டும் அந்த ரகம்தான்".

மொவ்5 மத்1 ஃபன்1 பித்6, "ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லை". ச்ஹா1 ம்4 தோ1-ஐவிடச் சற்று நிதானமான பேச்சு. விற்பனையாளர் இரண்டு மாடல்களை விளக்கும்போது இதைத்தான் கேட்பீர்கள். அந்த இடத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: யவ்5 மத்1 ஃபன்1 பித்6 ஆ3? என்ன வித்தியாசம்?

பொருந்தாத இடத்தில் போய் உட்காரும் சொற்கள்

பெங்2 யன்3 (பலகார அச்சு) என்பதை "ஒரே மாதிரி" என்று அகராதியில் பார்த்துவிட்டுப் பொருள்களுக்குப் பயன்படுத்துவார்கள். அது முகச்சாயலுக்கு: அப்பாவை அப்படியே உரித்து வைத்த பிள்ளைக்கு. ஸப்6 சுக்1 ஸப்6 என்பதும் தோற்றத்தில் அச்சு அசலாக இருப்பதைச் சொல்வதுதான். தரத்தை அது பேசாது. போலிக் கைப்பை அசலைப் போலவே இருக்கிறது என்றால் இது சரி. அதே அளவு நாள் உழைக்கும் என்று சொல்ல வேண்டுமானால் படி 2-க்குத் திரும்புங்கள்.

ப்ஹெங்4 லெங்3 செங்3 (மலிவு, அழகு, தரம்) ஒப்பீட்டுச் சொல் இல்லை, தனிப் பாராட்டு. தய்2 என்பது "கொடுக்கிற காசுக்குத் தகும்". இரண்டும் சமத் தரம் என்று முடிவான பிறகு தய்2-ஐக் கொண்டுவாருங்கள்: நீ1 செக்3 தய்2 தீ1, காசுக்கு இதுதான் லாபம். தரத்தில் சமம், விலையில் குறைவு என்ற முழு வாதமும் அந்த நான்கு அசைக்குள் அடங்கிவிடும்.

படி 10: எடுத்து முடிப்பது

சமம் என்று ஒப்புக்கொண்ட பின் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகவும் புழங்கும் சொல் ஸீ6 தான்6, "எதுவானாலும்". நண்பர்களிடம் ஸீ6 தான்6 லா1 என்று சொல்லலாம். விருந்துக்கு அழைத்தவர் எதை வேண்டும் என்று கேட்கும்போது சொன்னால் அக்கறையில்லாத பதிலாகப் படும். அங்கே பீன்1 செக்3 தொவ்1 தக்1, "எதுவானாலும் சரிதான்" என்பது மரியாதை. மொவ்5 ஸோ2 வய்6 ("எனக்கு ஒன்றுமில்லை") இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டே நின்றால் பக்கத்தில் இருப்பவர் ஒரு பழமொழியை எடுத்துவிடுவார்: ச்ஹின்1 கான்2 மான்6 கான்2, கான்2 சியோக்6 கோ3 லான்6 தங்1 சான்2. ஆயிரம் பொறுக்கி, பத்தாயிரம் பொறுக்கி, கடைசியில் எடுத்தது உடைந்த விளக்குக் கிண்ணம். அப்போது சிரித்துக்கொண்டே ச்ஹா1 ம்4 தோ1 லா1 என்று சொல்லி, கைக்கு அருகில் இருப்பதை எடுத்துக் கூடையில் போட்டுவிடலாம்.